எட்டுப் பேர் உட்கார்ந்த கால் மணி நேரம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசைக்குப் பின்னால் டாக்டரம்மா, கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு நர்ஸம்மா, முக்காலியில் அம்மா, கதவோரம் நான். அப்பா இல்லை. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று நர்ஸம்மா கேட்டபோது அம்மா ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான், "எம் மவன்" என்றாள்.

நர்ஸம்மா மூன்று தடவை காற்றடித்துப் பார்த்தார். எண்ணை வாயால் சொல்லவில்லை. சீட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு நீட்டினார். அதைப் படிக்கத் தெரிந்தவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அப்பா கைநாட்டு. அம்மா பேருந்தை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பவள். நூற்றுத் தொண்ணூறு என்று இருந்ததைப் பார்த்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"என்னா தம்பி, பெயிலா?" என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்திலிருந்து நான் தாள் வாங்கிவரும்போதெல்லாம் அவள் கேட்ட கேள்வி அது.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார், கருவாட்டை விடச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "தெனம் ஒரு கால் மணி நேரம் எந்த வேலையும் செய்யாம உக்காருங்கம்மா. மூச்ச மெதுவா இழுத்து மெதுவா விடுங்க. மனசு அடங்கணும்" என்றார்.

"உக்காந்துதான சாப்புடுறேன் டாக்டரம்மா."

"அது இல்லம்மா. கையில ஒண்ணும் இல்லாம."

அம்மா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் சேறு இருக்கும், தேய்த்தாலும் போகாது. எங்கள் ஊர் நிரவிக்குத் திரும்பும் பேருந்தில் ஒரே ஒரு வார்த்தை பேசினாள்: "கருவாட்ட விட்டுடுறேன். மத்தது என்னால ஆவாது."

அப்பாவுக்கும் இதே வியாதிதான் இருந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. ஒரு நடவு நாளில் தலை வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் அந்த நேரத்தில் கல்லூரியில், முதல் வருஷ வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் அப்படிப் போய்விடக் கூடாது. அந்த ஆவணி மாதம் முழுக்க என் தலைக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

நான் காரைக்காலில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறேன். முதலாளி மதியம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "பாத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரக் கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் வரமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் முழுவதும் அந்த இருபது நிமிஷத்தில் நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு எனக்கு நெஞ்சு படபடக்கும். எந்தக் காரணமும் இருக்காது. ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும்போதே வரும். ஒருநாள் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே ஸ்டூலில் சும்மா உட்கார்ந்தேன். ஷட்டருக்கு அடியில் ஒரு முழம் வெயில் தரையில் விழுந்திருந்தது. வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் நான் மூச்சு விடுவது எனக்கே கேட்டது. அன்று சாயங்காலம் வரை படபடப்பு வரவில்லை. மறுநாள் வேண்டுமென்றே போனை மேசைக்குள் வைத்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

எனக்குச் சரிப்பட்டது அம்மாவுக்கும் சரிப்படும் என்று நம்பினேன். போனில் தேடித்தேடிப் படித்தேன். எப்படி உட்கார வேண்டும், எத்தனை எண்ணி மூச்சை இழுக்க வேண்டும், அன்றன்றைக்குக் கிடைத்த மூன்று நல்லதை நினைத்து நன்றி சொல்ல வேண்டும் என்றெல்லாம் இருந்தது. பழைய பில்லின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டு, காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன். படிக்கத் தெரியாதவளுக்கு அட்டவணை ஒட்டுகிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

"உக்காந்துகிட்டு, இன்னிக்கு என்னென்ன நல்லது நடந்துச்சுன்னு மூணு நெனச்சுக்கம்மா. மனசுக்குள்ள நன்றி சொல்லு."

"யாருக்கு?"

"யாருக்குன்னு இல்ல. பொதுவா."

"நன்றி வணக்கம்னு கூட்டத்துலதான்டா சொல்லுவாங்க, மைக்க கீழ வைக்கையில. நான் என்ன, பேசி முடிச்சுட்டனா?"

அந்த வாரச் சம்பளத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, வாசலில் முருங்கை மர நிழலில் போட்டேன். அம்மாவின் பட்டன் போனில் கால் மணி நேரத்துக்கு அலாரம் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். மூன்று நாள் அவள் அந்த நாற்காலியில் முறத்தைக் காயவைத்தாள். நான்காவது நாள், வேலை இல்லாத நாள், என் நச்சரிப்புத் தாங்காமல், "சரி, நீ கடைக்குப் போ, நான் உக்காருறேன்" என்றாள்.

பதினொன்றரை மணி இருக்கும். எங்கள் தெருவிலிருந்து கடைக்கு போன் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா.

"தம்பி, கெளம்பி வீட்டுக்கு வா. உங்கம்மா உக்காந்திருக்கு."

"எங்கக்கா?"

"வாசல்லதான். நீ வா. வண்டிய மெதுவா ஓட்டு."

எங்கள் தெருவில் பெண்கள் பகலில் உட்காராமல் இல்லை. ஆனால் கையில் கீரை இருக்கும், முறம் இருக்கும், பிள்ளையின் தலை இருக்கும். வெறுங்கையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், உள்ளே யாரோ கிடத்தப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்பது புண்ணைக் குத்துவது. வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். நாற்காலி வாங்கும்போது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. போனை வைத்த பிறகும் வரவில்லை. அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போப்பா, கடைய நான் பாத்துக்குறேன்" என்றார்.

வண்டியில் போகும்போது அந்தச் சீட்டின் எண் மட்டும் கண் முன்னால் நின்றது.

வாசலில் ஒன்பது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சிவப்பு நாற்காலியில் அம்மா, கண்ணை அகல விரித்துக்கொண்டு, அசையாமல். அவளுடைய ஒரு கையைப் பெரியம்மா பிடித்திருந்தாள். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி, எதிர்வீடு, நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறவள். இன்னொருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றாள் அம்மா, "இன்னும் மணி அடிக்கல, சரியா வச்சனான்னு தெரியல. எந்திரிக்கலாமா?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அப்ப யாரும் சாவலயா?"

"இல்ல பெரியம்மா. டாக்டர்தான் உக்காரச் சொன்னாங்க."

"உக்காரச் சொன்னாங்களா? இதுக்கா நான் ஒலைய எறக்கி வச்சுட்டு ஓடியாந்தேன்?"

"எங்க வீட்டுக்காரரு மாலைக்குச் சொல்லவான்னு ரெண்டு தடவ போன் போட்டுட்டாரு," என்றாள் ஒருத்தி.

"அழுத அழுகைக்குக் காப்பித்தண்ணியாவது குடுங்கடி," என்றாள் மூக்கைத் துடைத்தவள்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் நான் மறுபடி கடைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தபோது நாற்காலி கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் சாணி வாரும் கூடை இருந்தது.

"அத யாருக்காவது குடுத்துடு தம்பி. எனக்கு வேணாம்."

"அவங்க சிரிச்சதுக்காம்மா?"

"அவளுவ சிரிச்சதுக்கு இல்ல."

அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அப்பா கட்டிவைத்த நாற்று முடிகளைத் தூக்கி வயலுக்குள் வீசிக்கொண்டிருந்தாராம். தலை வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தாராம். பெண்கள் அப்போது பாதி வரிசையில் இருந்தார்கள். நடவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லாரும் ஒன்றாகக் குனிந்து, பின்பக்கமாகவே நடந்து நட்டுக்கொண்டு போவார்கள். வரிசை முடியாமல் யாரும் நிமிரக் கூடாது. ஒருத்தி நிமிர்ந்தால் வரிசை கோணிவிடும், பக்கத்தில் இருப்பவள் அவள் பங்கையும் நட வேண்டிவரும்.

"நாந்தான் குனிஞ்சபடியே சொன்னேன், 'என்ன, மாப்புள்ள கணக்கா உக்காந்துட்டீங்க'ன்னு. எல்லாரும் சிரிச்சாளுவ. அவரும் சிரிச்சாரு. எங் காதால கேட்டேன், சிரிச்சாரு. வரிசைய முடிச்சுட்டு நிமிந்து பாத்தா சாஞ்சு கெடக்காரு."

களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

"கையில வேல இருந்தா ஒண்ணுமில்ல தம்பி. சும்மா உக்காந்தா அந்தச் சிரிப்பு கேக்குது. இன்னிக்கும் கேட்டுச்சு."

ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எனக்கு இது தெரியாது. அவளுக்கு மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருந்த பில்லைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

புரட்டாசியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நடவு தொடங்கியது. பெரியம்மாவோடு சேர்த்து எட்டுப் பேர். வயலுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு, விடியும் முன்பே குட்டியானை வண்டியில் ஏறிப் போவார்கள். அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். கருவாட்டைத் தொடவில்லை. உட்கார மட்டும் இல்லை. அடுத்த சீட்டில் எண் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. "இன்னும் பெயில்தானா?" என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "சொன்னத செய்யறாங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பொய்.

நடவு தொடங்கிய ஆறாம் நாள் நடந்ததை எனக்குச் சொன்னது அந்த எட்டுப் பேரில் சின்னவள். எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பாதி வரிசையில் அம்மா ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாளாம். ஆனால் நிமிரவில்லை. ஒரு கையாலேயே நட்டிருக்கிறாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெரியம்மா அதைப் பார்த்தாள்.

பெரியம்மா பாதி வரிசையில் நிமிர்ந்தாள்.

"எல்லாரும் நிமிருங்கடி," என்றாளாம். யாருக்கும் புரியவில்லை. "நிமிருங்கன்னேன். வரப்புக்கு வாங்க."

"ஏங்க்கா, வயலுக்காரரு வந்துட்டா?"

"வந்தா அவரயும் உக்காரச் சொல்லு."

கையைக் கழுவிக்கொண்டு எட்டுப் பேரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெற்றிலைப் பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, ஊர்க்கதை பேசக் கூடாது என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். அம்மா, "என்னால எதுக்குக்கா எல்லாரும்?" என்றதற்கு, "உனக்காவ யாருடி உக்காந்தா? எனக்கு முட்டி வலிக்குது" என்றாளாம்.

அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு உட்கார்ந்தார்கள். அம்மாவின் பட்டன் போன்தான் மணி அடிக்கும். வீட்டில் அம்மா இதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, உடனே எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் என் எதிரில் இருந்தாள். அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் கடை விடுமுறை. நான் பார்க்கப் போனேன்.

"ஆம்புளப் புள்ளைக்கு இங்க என்னா சோலி? மதகுகிட்ட போயி உக்காரு," என்று பெரியம்மா விரட்டினாள். மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. நட்டது பாதி, நடாதது பாதி. நடாத பாதியில் நாற்று முடிகள் அங்கங்கே விழுந்தபடியே கிடந்தன. எட்டுப் பேரின் கைகளும் மடியில் இருந்தன. சேறு காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்று வந்து தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருமுறை தோளைக் குலுக்கினாள். பெரியம்மா திரும்பிப் பார்த்ததும் அடங்கினாள். பிறகு யாரும் அசையவில்லை. நானும் மூச்சை எண்ணாமல் உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்தது. எழுந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. ஒருத்தி, "தண்ணி நேத்தய விட இன்னிக்குக் குளுந்து கெடக்கு" என்றாள்.

"எம் மருமவ காலையில எனக்கு முன்ன எந்திரிச்சு டீ போட்டா," என்றாள் அடுத்தவள்.

"கனவு கண்டிருப்படி."

"இந்தப் பாரு, கேலி பண்ணக் கூடாதுன்னு பேச்சு."

இது என் அட்டவணையில் இருந்த மூன்று நல்லது. அம்மா இதை எப்போது இவர்களுக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று என்று குறைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சொல்லிவந்து கடைசியில் அம்மாவின் முறை வந்தது. அவள் காற்று வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு உக்காந்தப்பவும் இப்புடித்தான் காத்து வந்திருக்கும்," என்றாள்.

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அம்மாவே, "சரி, நன்றி வணக்கம்" என்றாள். அதைக் கேட்டதும் எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே புடவையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார்கள்.

அன்றைக்கே வேலை முடிந்து கரையேறியபோது வண்டிக்காரர் இறங்கி நின்றிருந்தார். அவர் இவர்களை இறக்கிவிட்டு, மீன் பெட்டி ஏற்றக் காரைக்கால்மேட்டுக்குப் போக வேண்டும்.

"பெரியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு வாரமா தெனம் கால் மணி நேரம் லேட்டாவுது. அங்க வேற வண்டிக்காரன் முந்திக்குறான். ஒண்ணு நேரத்துக்கு ஏறுங்க. இல்ல, நாளொண்ணுக்கு அம்பது ரூவா சேத்துக் குடுங்க."

"சும்மா உக்காந்ததுக்கு அம்பது ரூவாயா?" என்றாள் சின்னவள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. முதுகு ஒடிய நட்டதற்குத்தான் அவர்கள் கூலி வாங்குகிறார்கள். உட்காருவதற்குக் காசு கொடுப்பது என்பது அந்த வரப்பில் யாரும் கேள்விப்படாதது. நான்கைந்து பேர் கீழே பார்த்தார்கள். அம்மாதான் முதலில் பேசினாள்.

"நாளையிலேருந்து வேணாம்க்கா. நான் வீட்டுல உக்காந்துக்குறேன்."

உட்காரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். நான் முன்னால் போய், "நான் குடுத்துடுறேன் பெரியம்மா, தெனம்" என்றேன்.

"நீ எத்தினி முடி நட்ட? பேசாம இரு."

அந்தத் திட்டை வாங்கிக்கொண்டேன். பெரியம்மா வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவளைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"உனக்குத் தெரியாது, நீ அப்ப வரல. எங் கொழுந்தனாரு வரப்புல உக்காந்தப்ப நாங்க ஒருத்தியும் நிமிரல. வரிசைய முடிச்சுட்டுத்தான் திரும்பிப் பாத்தோம்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "அந்த வரிசைக்கு என்னா கூலி வாங்குனோம்? யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே காய்ந்த கையை.

"எனக்கும் இல்ல," என்றாள் பெரியம்மா. வண்டிக்காரரிடம், "நாளையிலேருந்து அம்பது சேத்து வாங்கிக்க தம்பி. பதினொண்ணுக்கு நாங்க உக்காருவோம்."

அவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். எட்டுப் பேரும் ஏறிக்கொண்டார்கள். நான் பின்னால் என் வண்டியில் போனேன். அம்மா பின்கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் கைகள் மடியில் சும்மா இருந்தன.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகும் நடவு நடந்தது. மழையிலும் உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு உரச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு. நடுவில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸம்மா ஒரே தடவைதான் காற்றடித்தார். சீட்டில் அடிக்கோடு இல்லை. நூற்றைம்பதுக்கும் கீழே வந்திருந்தது. நான் படித்துக்கொண்டே நின்றேன்.

"என்னா தம்பி?"

"பாஸும்மா. ஜஸ்ட் பாஸ்."

"நீயும் அப்புடித்தான பாஸ் பண்ணுன," என்றாள்.

மாத்திரை தொடர்கிறது. இனி எப்போதும் தொடரும். அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை. நானும் என் கடை ஸ்டூலில் உட்காருகிறேன், ஷட்டருக்கு அடியில் விழும் வெயிலைப் பார்த்துக்கொண்டு. பதினொரு மணி ஆகும்போது மட்டும், அங்கே இப்போது உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வேன். அப்படியும் பில்லில் எண் தப்பாது.

கடைசி வயல் முடிந்த அன்று பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, வண்டிக்கு அதிகமாக எவ்வளவு போயிருக்கிறது என்று கூட்டிச் சொல்லச் சொன்னாள். வண்டிக்காரர் பேசிய நாளிலிருந்து முப்பத்திரண்டு நாள். நாளுக்கு ஐம்பது. ஆயிரத்து அறுநூறு ரூபாய், ஆளுக்கு இருநூறு. "இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் பெரியம்மா.